நாற்பது வாளித் தண்ணீர்

மார்ச் 2

மேஸ்திரி அவர்களுக்கு,

உங்கள் தங்கை எழுதுவது. விலாசத்தை அண்ணியிடம் வாங்கினேன். ஆறு தடவை போன் செய்தும் நீங்கள் எடுக்கவில்லை. ஏழாவது தடவை எடுத்து, "வேலையில இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் கடிதம். கடிதத்தில் ஒரு சௌகரியம், நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் நீங்கள் கட்டிக் கொடுத்த என் வீட்டு முன்னறைச் சுவரில், டிசம்பரில் இரண்டு விரிசல் இருந்தது. இப்போது ஐந்து. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் "இது வேலையில வந்த கோளாறு" என்று நான் சொன்னதும், கரண்டியையும் தூக்குக்குண்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனீர்கள். அடுத்த வாரமே அவ்வளவு தூரத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தச் சண்டையை மறுபடியும் போட நான் எழுதவில்லை.

நான் செயலாளராக இருக்கும் பெண் கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்கு, காலையில் ஆள் எடுக்கிற முக்குக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இடம் கிடைத்திருக்கிறது. பகலில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக அங்கே ஓர் அறை கட்டப் போகிறோம். சித்தாளின் பிள்ளை எங்கே தூங்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. போன மாதம் ஒரு குழந்தை சிமெண்டு மூட்டை மேல் தூங்கி, மூட்டை சரிந்து, கை உடைந்தது. இரண்டு வயது.

அந்த அறையைச் சாம்பல் பிளாக்கில் கட்ட வேண்டும் என்று சொன்னவள் நான். மின்சார நிலையத்துச் சாம்பலில் செய்கிற, என் வீட்டுச் சுவருக்குப் போட்ட அதே லேசான பிளாக். செங்கல் சூளைக்காக ஊரோரத்து மேல்மண் முழுவதும் போய்விட்டது, இனி வெட்டுவதற்குப் பள்ளம்தான் பாக்கி. பிளாக்குக்கு மண் வேண்டாம், விறகு வேண்டாம். அறைக்குள் சூடு குறைவாக இறங்கும். தூக்குகிறவள் கழுத்தும் பிழைக்கும். இதையெல்லாம் சங்கத்தில் சொன்னேன். எங்கள் தலைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உன் வீட்டுச் சுவரைப் பார்த்துட்டுத்தான் பேசுறியா?"

முப்பத்தோரு பெண்கள். 24ஆம் தேதி ஓட்டெடுப்பு. பிளாக்கின் மேல் தப்பில்லை, சுவர் வேறு காரணத்தால் விரிந்தது என்று ஒரு மேஸ்திரி எழுதிக் கொடுத்தால் நம்புவார்கள். நான் சொன்னால் சித்தாள் பேச்சு. ஆகவே முதல் நாளிலிருந்து அந்தச் சுவரை எப்படிக் கட்டினீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கை

மார்ச் 9

சங்கச் செயலாளர் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கூடப்பிறந்தவளிடமிருந்து நோட்டீஸ் வாங்குகிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது.

இங்கே பதினான்கு மாடி எழும்புகிறது. நான் இருப்பது நான்காவது மாடிப் பூச்சு வேலையில். வாசலில் ஒரு பெரிய பலகை, அதில் ஒரு பச்சை இலை, கீழே "பசுமைக் கட்டடம்" என்று எழுதியிருக்கிறது. இலையைத் தவிர இங்கே பச்சையாக நான் பார்த்தது சூப்பர்வைசரின் தலைக்கவசம் மட்டும்தான்.

போன வாரம் கல்லூரியிலிருந்து ஒரு பெண் காகிதக் கட்டோடு வந்தது. தொழிலாளிகளுக்கு எவ்வளவு தெரியும் என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சியாம். மொத்தம் இருபத்திரண்டு கேள்வி. "நீடித்து நிலைக்கும் கட்டுமானம் பற்றி அறிவீர்களா?" என்று முதல் கேள்வி. "ரெண்டு நாள்ல விழுற கட்டடத்துக்கு யாரும்மா என்னைக் கூப்பிடுவாங்க?" என்றேன். பாவம், சிரித்துவிட்டு "ஆம்" என்று குறித்துக்கொண்டது. "கட்டடக் கழிவைப் பிரித்து வைப்பீர்களா?" என்று அடுத்தது. எனக்குப் பின்னால் உடைந்த கல், கம்பி, காகிதம், காலிப் பை எல்லாவற்றையும் ஒன்றாக லாரியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். "ஆமா" என்றேன். இருபத்தொன்றுக்கு ஆமாம்தான். "புதிய பொருள் வந்தால் அதைப் பற்றி உங்களுக்கு யார் சொல்லித்தருவார்கள்?" என்ற கேள்விக்கு மட்டும் ஆமாம் போட முடியாது. பொறியாளர், ஒப்பந்தக்காரர், பயிற்சி வகுப்பு, பிறர் என்று நான்கு கட்டம். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றேன். அது "பிறர்" என்பதில் குறி போட்டுக்கொண்டது.

உன் சுவருக்கு வருகிறேன். இருபத்தாறு வருஷத்தில் நான் கட்டிய சுவர் ஒன்றுகூட வாய் திறந்ததில்லை. செங்கல்லில் கட்டித் தருகிறேன் என்றுதான் சொன்னேன். பயிற்சிக்குப் போய் வந்த மகாராணி, சாம்பல் பிளாக்தான் வேண்டும் என்றாய். அது கல்லா? நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. கல் சரியில்லை, சுவர் சரியில்லை. எழுதித்தரச் சொன்னாயே, இதுதான் என் எழுத்து.

பதில் முடிந்தது. விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வை. பின்பலகை ஊறிவிடும்.

மேஸ்திரி

மார்ச் 15

மேஸ்திரி அவர்களுக்கு,

அலமாரியைத் தள்ளி வைத்தாகிவிட்டது. பின்னாலிருந்து ஆறாவது விரிசல் கிடைத்தது.

பயிற்சி நடத்திய இன்ஜினியர் அம்மாவைச் சங்கத்துத் தலைவி நேற்று என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அவர் ஒரு நாணயத்தை எடுத்துச் சுவரெல்லாம் தட்டிக்கொண்டே போனார். பாதிச் சுவரில் பூச்சு உள்ளே பிடிக்காமல் பொத்தென்று சத்தம் கொடுத்தது. விரிசல் இரண்டு இணைப்பு வழியாகப் படிப்படியாக இறங்குகிறது, நான்கு நேராகப் பிளாக்கையே பிளந்துகொண்டு போகிறது. நடுவில் இருப்பதில் உங்கள் கடித உறையின் ஓரம் உள்ளே போனது. பார்த்ததைச் சொல்கிறேன், குத்திக் காட்டவில்லை.

இன்ஜினியர் அம்மா கேட்டார். "கட்டுறதுக்கு முன்னாடி பிளாக்கை ஊறப்போட்டாங்களா?"

தலைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேஸ்திரியைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டேன்.

அப்படி ஊறப்போட்டிருந்தால் இப்படித்தான் ஆகும் என்றார் அவர். செங்கல் சுட்ட மண், ஊறினாலும் உருவம் மாறாது. இது உள்ளெல்லாம் காற்றறை வைத்த பிளாக். தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகக் காயும், காயும்போது சுருங்கும், சுருங்கும்போது பிளக்கும். மேலே தூசியைத் தட்டி, ஈரம் காட்டினால் போதுமாம். தலைவிக்கு இது ஏறவில்லை. "எந்தக் காரணமோ, சுவர் பிளந்திருக்கு. அந்தச் சுவருக்குக் கீழே நான் எப்படிப் பிள்ளைகளைப் படுக்க வைப்பேன்?" என்றார். அவரும் சின்ன வயதில் சூளையில் வேலை பார்த்தவர்தான். புகையில் கெட்ட நெஞ்சு இன்னும் சரியாகவில்லை. அவரே செங்கல் என்கிறார்.

உங்கள் பதில் வரட்டும் என்று ஓட்டெடுப்பை ஏப்ரல் 10க்குத் தள்ளி வைக்கச் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள். இதற்கு மேல் தள்ள மாட்டார்கள்.

கேள்வியை நான் கேட்கவில்லை, இன்ஜினியர் அம்மா கேட்டார். பதில் மட்டும் எழுதுங்கள்.

தங்கை

மார்ச் 22

தங்கச்சிக்கு,

இங்கே வெயில் ஏறிவிட்டது. அறையில் ஒன்பது பேர், ஒரு மின்விசிறி. அது திரும்புகிற பக்கத்தில் படுக்கத் தினமும் தகராறு. நான் தகராறுக்குப் போவதில்லை, வாசற்படி ஓரத்தில் படுத்துக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம் சொல்கிறேன். ஐந்தாவது மாடியில் சுவர் வேலை தொடங்கியிருக்கிறது. இங்கேயும் அதே சாம்பல் பிளாக்தான். பூச்சு வேலையிலிருந்து சிலரைச் சுவருக்கு மாற்றினார்கள். அதில் ஒருத்தன், ஐம்பதை நெருங்குகிற ஆள், வேலை தெரிந்த மேஸ்திரி, காலையில் வந்ததும் பழக்கப்படி பிளாக்கை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருக்கிறான். அது மிதந்திருக்கிறது. மேலே ஜல்லி மூட்டையை வைத்து அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

திரும்பி வந்தால் ஃபோர்மேன் நிற்கிறார். முப்பது வயது இருக்கும். கத்தவில்லை. "அண்ணே, தண்ணியில போட்டா மேல வருது. நீங்க மூட்டை வெச்சு அமுக்குறீங்க. வேண்டாம்னு அதுவே சொல்லுதுல்ல?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அந்த ஆளே தொட்டியில் கைவிட்டு நாற்பத்தெட்டுப் பிளாக்கையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெயிலில் அடுக்கினான். அதுவரை எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

இந்தக் கம்பெனியின் விதி அப்படி. ஊருக்கு ஊர் விதி மாறும். அதற்கும் உன் வீட்டுச் சுவருக்கும் ஒன்றுமில்லை. சும்மா எழுதினேன்.

ஓட்டெடுப்பு எப்படிப் போனாலும் உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

மார்ச் 27

அண்ணே,

அந்த ஒருத்தனுக்கு இடது கைப் பெருவிரலில் நகம் கிடையாதா? நடக்கும்போது வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்குமா? அப்படியானால் அந்த ஆளை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்.

நாற்பத்தெட்டுப் பிளாக்கையும் எடுத்து அடுக்குகிறவரை அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துத் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். எனக்கு அழுகைதான் வந்தது. ஆனால் கேட்டதைக் கேட்காமல் விடவும் முடியாது.

இங்கே நிலைமை இதுதான். செங்கல்லுக்கு லாரி சொல்லியாகிவிட்டது. பத்தாம் தேதி கைதூக்கினால் பதினொன்றாம் தேதி வந்து இறங்கும். சங்கத்தில் எனக்காகப் பேசுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் நேரில் ஒன்றும் சொல்வதில்லை, என் வீட்டைக் கடந்து போகும்போது சுவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மண்ணையும் தண்ணீரையும் காப்பாற்றுங்கள் என்று இரண்டு வருஷமாக ஒவ்வொரு வேலையிடமாகப் போய் நான் சொன்னது அத்தனைக்கும் அந்தச் சுவர்தான் இப்போது பதில். இனிமேல் கலவைத் தண்ணீரை வீணாக்காதே என்று ஒருத்தியிடம் சொன்னால்கூட, "நீ முதல்ல உன் வீட்டைப் பாரு" என்பாள். ஏற்கெனவே ஒருத்தி சொல்லிவிட்டாள்.

உன்னை யாரும் இங்கே தொட்டி முன்னால் நிற்க வைக்கப் போவதில்லை. ஒரு காகிதம்தான் கேட்கிறேன். அது பத்தாம் தேதிக்கு முன்னால் வந்தால் பிள்ளைகளுக்கு நல்ல அறை. வராவிட்டால் இந்தத் தெருவில் சாம்பல் பிளாக் என்ற பேச்சே இன்னும் பத்து வருஷத்துக்கு எடுபடாது. நான் செயலாளர் பொறுப்பையும் விட்டுவிடுவேன். கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி

ஏப்ரல் 3

தங்கச்சிக்கு,

கீழே இருப்பதைச் சங்கத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டு. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"பெண் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் உள்ள எல்லோருக்கும், இருபத்தாறு வருஷமாகக் கொத்தனார் வேலை பார்க்கிற ஒருவன் எழுதுவது. உங்கள் செயலாளர் வீட்டு முன்னறைச் சுவரைக் கட்டியது நான்.

பிளாக் வந்து இறங்கிய அன்று, தரையில் பள்ளம் வெட்டித் தார்ப்பாய் விரித்து, அதில் பிளாக்கை அடுக்கித் தண்ணீர் நிரப்பச் சொன்னேன். செங்கல்லை ஊறப்போட்டால் குமிழி விடும். குமிழி நின்றால் கல் போதுமான அளவு குடித்துவிட்டது என்று அர்த்தம். எடுத்துக் கட்டலாம். எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான். இந்தப் பிளாக் முதலில் மிதந்தது. மேலே கருங்கல்லைத் தூக்கி வைத்து அமுக்கினேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை குமிழி வந்துகொண்டே இருந்தது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'நல்லாக் குடிக்குது, இன்னும் ஊத்து' என்றுதான் சொன்னேன்.

மறுநாள் சொட்டச் சொட்ட எடுத்து, செங்கல்லுக்குப் போடுகிற அதே கனத்தில் கலவை போட்டுக் கட்டினேன். காய விடாமல் ஆறாம் நாள் பூசினேன். பூச்சுக்குள் ஈரம் மாட்டிக்கொண்டது. சுவர் பிளந்ததற்கு வேறு காரணம் இல்லை. பிளாக் மேல் தப்பில்லை.

பிளாக் கட்டோடு ஒரு அட்டை வந்தது. அதில் ஒரு வாளிப் படமும் அதன் மேல் சிவப்பாகக் குறுக்குக் கோடும் இருந்தது. பார்த்தேன். எழுத்தைப் படிக்கவில்லை. அந்த அட்டையில் என் தூக்குக்குண்டு நூலைச் சுற்றி வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த நூல் அதே அட்டையில்தான் இருக்கிறது. போன வாரம்தான் அதை அவிழ்த்துப் படித்தேன்.

தெருக்குழாயிலிருந்து நாற்பது வாளித் தண்ணீர் தூக்கி வந்து ஊற்றியவள் என் தங்கை. நான் சொன்னேன், அவள் ஊற்றினாள். அவளுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது."

சங்கத்துக்கு அவ்வளவுதான். இனி உனக்கு மட்டும்.

இன்ஜினியர் அம்மா கேட்டபோது "மேஸ்திரியைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்று சொல்லியிருக்கிறாய். வாளி தூக்கியவளே நீ. ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உன்மேல் கோபித்துக்கொண்டு கிளம்பி வந்தது தப்பு.

அண்ணன்

ஏப்ரல் 12

அண்ணே,

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. பத்தாம் தேதி சங்கத்தில் வாசித்தேன். தகரக் கொட்டகையில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல், வரவில்லை.

மிதந்த பிளாக்கைக் கருங்கல் வைத்து அமுக்கிய இடம் வந்தபோது சிலர் சிரித்தார்கள். அட்டையில் நூல் சுற்றிய இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. "அவளுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்ற வரி வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பார்த்தேன், அதே வரிதான் இருந்தது.

அண்ணே, எனக்குத் தெரியும்.

ஜூன் மாதப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். என் நோட்டில் இருக்கிறது. "ஊறப்போடக் கூடாது. தூசி தட்டி, ஈரம் காட்டினால் போதும்." கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஆகஸ்டில் நீ பள்ளம் வெட்டச் சொன்னாய். அந்த நோட்டு அப்போது உள்ளறை ஜன்னலில் இருந்தது. நாற்பது வாளியும் நான் தெரிந்தே ஊற்றியது.

ஏன் பேசவில்லை என்று எனக்கு நானே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். பிளாக்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அதில் ஏற்கெனவே ஜெயித்திருந்தேன். உன்னோடு வந்த இரண்டு கொத்தனார்களும் அங்கே நின்றார்கள், என் வீட்டுக்காரரும் நின்றார். அவர்கள் முன்னால் உன்னை இன்னொரு தடவை மறுத்துப் பேச வாய் வரவில்லை. உனக்கே தெரியும், வேலையிடத்தில் நாம் அண்ணன் தங்கை கிடையாது. முதல் நாள் என்னை வேலைக்குக் கூட்டிப் போனபோதே, "இங்க அண்ணேன்னு கூப்பிடாதே, மத்தவங்க எதிர்ல மேஸ்திரின்னு சொல்லு" என்று சொல்லிக் கூட்டிப் போனாய். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். சித்தாள் மேஸ்திரிக்குத் தண்ணீர் எடுத்துத் தரலாம், எவ்வளவு தண்ணீர் என்று சொல்லித்தர முடியாது. அந்தப் பயிற்சியில் பிளாக்கைப் பற்றி எல்லாம் சொன்னார்கள், இதற்கு என்ன செய்வது என்று சொல்லவில்லை.

இன்ஜினியர் அம்மாவிடம் மழுப்பியது உன்னைக் காப்பாற்ற என்று நினைத்திருக்கிறாய். இல்லை அண்ணே. "ஆமாம், ஊறப்போட்டார்" என்று நான் சொல்லியிருந்தால், "நான்தான் சொல்லிக் கொடுத்தேனே, நீ ஏன் தடுக்கவில்லை?" என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வியாக இருந்திருக்கும். அந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான் உன் பெயரைச் சொன்னேன். உன்னை ஒப்புக்கொள்ள வைக்க மூன்று கடிதம் எழுதினேனா இல்லையா, அது எல்லாமே என் பங்கு வெளியே வராமல் இருக்கத்தான்.

சங்கத்திலும் இதைச் சொன்னேன். வாசிப்பதை நிறுத்திவிட்டு, நோட்டை எடுத்துத் தலைவி கையில் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைவரை போனது.

பிறகு கலவை போடுகிற ஒருத்தி, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "எங்க மேஸ்திரி தண்ணி நிறைய விடச் சொல்லுவாரு, கரண்டி சுலபமா ஓடணுமாம். கலவை கூழாகுதுன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னதில்லை." அவளுக்குப் பின்னால் இருந்தவள், கான்கிரீட் தளத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை, தளம் இறுகுகிற நாள் ஆவதற்கு முன்னாலேயே பிரிக்கச் சொன்ன கதையைச் சொன்னாள். இன்னொருத்தி, இடித்த குப்பையை ஓடையில் கொட்டச் சொன்னார்கள், ஒரு வாரம் கொட்டினேன், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் அந்த ஓடையிலிருந்துதான் என்றாள். இப்படியே ஒன்பது பேர். தெரியாமல் செய்ததை யாரும் சொல்லவில்லை. எல்லாமே தெரிந்து பேசாமல் இருந்தது.

கடைசியில் தலைவி, "சரி, கையைத் தூக்குங்க" என்றார். நான் தூக்கவில்லை. மீதி இருபத்தொன்பதில் பிளாக்குக்குப் பதினேழு, செங்கல்லுக்குப் பன்னிரண்டு. தலைவி செங்கல்லுக்குத்தான் தூக்கினார். ஓட்டு முடிந்ததும் லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டதும் அவர்தான்.

அதே கூட்டத்தில் என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரியென்றுதான் பட்டது. பதிவேட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன்னைத்தான் இப்போது எல்லோரும் பிளாக்கை அமுக்கின மேஸ்திரி என்று சொல்கிறார்கள். அதைத் தடுக்க என்னால் முடியவில்லை. ஒன்றும் தெரியாதவள் என்று எழுதி என்னைக் காப்பாற்றப் பார்த்தாய். நான் உனக்கு இதைச் செய்திருக்கிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. அதனால் எழுதுகிறேன், மன்னித்துவிடு.

தங்கச்சி

ஏப்ரல் 19

தங்கச்சிக்கு,

அந்தக் கல்லூரிப் பெண் நேற்று மறுபடியும் வந்தது. காகிதத்தில் ஏதோ ஒரு பக்கம் தொலைந்துவிட்டதாம். சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். நானே கூப்பிட்டு, "போன தடவை சொன்னதுல சிலதை அடிச்சு எழுதணும்மா" என்றேன். கழிவைப் பிரிப்பதில்லை. அட்டையைப் படிப்பதில்லை. புதிய பொருளைப் பற்றி யார் சொல்லித்தருவார்கள் என்ற கேள்விக்கு வந்தோம். "சித்தாள்" என்றேன். அப்படி ஒரு கட்டம் அந்தக் காகிதத்தில் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, மறுபடியும் "பிறர்" என்பதிலேயே குறி போட்டது.

உன் கடிதத்தைப் படித்த அன்று உன்மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. தொட்டியிலிருந்து நாற்பத்தெட்டுப் பிளாக் எடுத்தபோது வந்ததைவிட அதிகமாக வந்தது. மூன்றாம் நாள் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அதை நீ எழுதவில்லை. உனக்கு மறந்துவிட்டதோ, சாக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டாயோ தெரியாது.

முதல் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளத்தின் ஓரத்தில் நின்றாய். உடனே ஊற்றவில்லை. "ஊத்தணுமா மேஸ்திரி?" என்று கேட்டாய். பதினெட்டு வருஷத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் நீ என்னைக் கேட்டது அது ஒரு தடவைதான். ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது. இரண்டு கொத்தனார்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஊத்து, வேடிக்கை பாக்காதே" என்றேன். நீ ஊற்றினாய். ஆகவே தெரிந்தே ஊற்றியது நீ மட்டும் என்று எழுதாதே. கேட்டும் கேட்காத மாதிரி நின்றவன் நான்.

காப்பக அறைக்கு ஆள் கிடைத்துவிட்டதா? அங்கே பிளாக் வேலை பழகிய கொத்தனார் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இங்கே நான் ஒரு மாதம் கட்டிவிட்டேன். ஐந்தாவது மாடியில் என் பக்கத்துச் சுவரை ஃபோர்மேன் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், அதாவது சரியாக இருக்கிறது. மே முதல் வாரம் வருகிறேன் என்று உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். பிளாக்கை அமுக்கின மேஸ்திரி வேண்டாம் என்று சங்கத்தில் சொன்னால் முதலில் உன் சுவரை இடித்துக் கட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். வேண்டும் என்றால், சித்தாளாக நீ நிற்க வேண்டும். வேறு யாரும் வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. நான் செய்வதில் ஏதாவது இடறினால், எத்தனை பேர் நின்றாலும் சரி, அண்ணேன்னு கூப்பிட்டுக் கேளு. மேஸ்திரின்னு கூப்பிட்டா எனக்குக் காது கேக்காது.

அண்ணன்